துரையின் கோட்டு என்ன நிறம்

நான் முதன்முதலாகக் குறிப்பு எழுதிய நோட்டு நாற்பது பக்கம் கொண்டது. பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்டிருக்கும். அதன் பதினேழாம் பக்கத்தில், ஆறாம் வகுப்புக் கையெழுத்தில், இப்படி ஒரு வரி இருக்கிறது: "வெளியிலிருந்து உள்ளே: சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம், சுண்ணாம்பு." பங்குனி, வியாழக்கிழமை, மத்தியானம் என்று மேலே போட்டிருக்கிறேன். வருடம் போடவில்லை. எழுபதுகளின் நடுவில் ஒன்று என்பது மட்டும் நிச்சயம். தேதிகூட இல்லை. அவ்வளவு அவசரமாக எழுதியிருக்கிறேன்.

மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, கழுவெளி ஏரிக் கரையில் எங்கள் குலதெய்வமான ஐயனாரின் கோயில் இருக்கிறது. வாசலில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மூன்று குதிரைகள். மூன்றும் எங்கள் வீட்டுக் கூரையைவிட உயரம். இரண்டின்மேல் மீசை வைத்த வீரர்கள் இருந்தார்கள். மூன்றாவதன்மேல் ஒரு வெள்ளைக்காரர். உயரமான தொப்பி, தொப்பியில் ஒரு கொண்டை, மார்பில் மூன்று வரிசைப் பொத்தான்கள், முழங்கால்வரை பூட்ஸ். அவருக்குத் துரை என்று பெயர். வீரர்களுக்குப் பொங்கல் படைப்பார்கள். துரைக்குச் சுருட்டும் சோடாவும். தை கழிந்து உப்பு வாரத் தொடங்கும்போது முதல் கூடை உப்பைத் துரையின் குதிரைக் குளம்படியில்தான் கொட்டுவார்கள். இதில் விசித்திரம் எதுவும் இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

உப்புக்காற்று எந்தப் பெயிண்டையும் விட்டுவைக்காது. நான் பார்த்த நாளிலிருந்து துரை தலைமுதல் கால்வரை எலும்பு நிறம். புயல், பஞ்சம், பங்காளிச் சண்டை என்று ஐம்பது வருடங்களுக்கு மேலாகக் கும்பாபிஷேகமே நடக்கவில்லை. அந்தப் பங்குனியில் எப்படியோ எல்லோரும் ஒத்துப்போய், திண்டிவனத்திலிருந்து ஒரு பெயிண்டரை வரவழைத்தார்கள். லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவர் குதிரைகளுக்கு வெள்ளை அடித்தார், குளம்புகளுக்குக் கறுப்பு அடித்தார், பற்களைக்கூட ஒவ்வொன்றாகத் தீட்டினார். பிறகு ஏணியில் இருந்தபடியே கீழே பார்த்துக் கேட்டார்.

"துரைக்குக் கோட்டு இன்னா கலருங்க?"

"செவப்பு" என்றார் பெரியப்பா.

"நீலம்" என்றார் தெற்கு வகையறா தாத்தா, அதே மூச்சில்.

கோயிலுக்கு உரிமையுள்ளவர்கள் இரண்டு வகையறா. வடக்கு எங்களுடையது, அப்பாவின் அண்ணனான பெரியப்பா அதற்குத் தலைவர். தெற்குக்குத் தாத்தா. துரையைப் பற்றி இரண்டு வகையறாவுக்கும் ஒரே கதைதான். குதிரைப் படையில் இருந்த ஒரு வெள்ளைக்கார ஆபீசர் கழுவெளிச் சேற்றில் குதிரையோடு புதைந்துபோக, எங்கள் மூதாதை ஒருவர் பனங்கயிறு போட்டு அவரை இழுத்தார். நன்றிக்கு அவர் காவலாக நின்றுவிட்டார். இழுத்தவர் யார் என்பதிலும் கோட்டின் நிறத்திலும்தான் வித்தியாசம். வடக்குக் கதையில் துரை சிவப்புக் கோட்டு போட்டிருந்தார், தெற்குக் கதையில் நீலம். எந்தக் கதை சரியோ அந்த வகையறாவுக்குத்தான் முதல் மரியாதை. கும்பாபிஷேகத்தன்று பூசாரி பரிவட்டத்தை அந்தத் தலையில்தான் கட்டுவார்.

"சித்தப்பா, எங்கப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினப்ப அவரு தோள்ல உக்காந்து பார்த்தவன் நான். செவப்பு."

"நான் எங்கப்பா தோள்ல உக்காந்து பார்த்தப்ப நீ பொறக்கவே இல்லடா. நீலம்."

"செவப்பு அடிச்சப்ப நீ எங்க இருந்த? ரங்கூன்ல இருந்த."

"ரங்கூன் போனா கண்ணு அவிஞ்சா போயிடும்?"

பெயிண்டர் இறங்கிவந்து பீடி பற்றவைத்துக்கொண்டார். "லாரின்னா ஓனர் ஒருத்தருங்க. இங்க குதிரைக்கு ரெண்டு ஓனரா இருக்கீங்க. இடுப்புக்கு மேல செவப்பு, கீழ நீலம்னு அடிச்சுடட்டுமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் வீட்டில் தங்கி, ஒன்பது நாள் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் மாமா வருகிறார். அம்மாவின் அண்ணன். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெங்களூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர், மூன்று வருடங்களாக எங்கள் வீட்டு உப்புச் சாக்குக் கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, போக வேறு இடமும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் "ரெஜிமெண்ட்டுல இருந்தேன்" என்பார். என்னவாக இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவராகச் சொன்னதும் இல்லை. நடக்கும்போது இடது கை மட்டும் முழங்கையில் மடங்கி, உள்ளங்கை மேல்நோக்கி, மார்புக்கு நேராக நிற்கும். அதைக் குதிரைக் கடிவாளம் பிடித்த பழக்கம் என்று நான் நோட்டில் எழுதியிருந்தேன்.

தகரப் பெட்டியில் ஒரு புத்தகம் இருந்தது. அவர் இருந்த குதிரைப் படையின் சரித்திரம், ஆங்கிலத்தில். முதல் பதினான்கு பக்கங்கள் கிழிந்துபோயிருந்ததால் படையின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. உலகத்தில் வேறு படையே இல்லாததுபோல் புத்தகம் தன்னை "இந்தப் படை" என்று மட்டுமே சொல்லிக்கொண்டது. பன்னிரண்டு வண்ணப் படங்கள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு மெல்லிய தாள். பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது.

மாமா பங்காளி இல்லை, புத்தகம் வைத்திருப்பவர். எனவே அவர் புத்தகத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று இரண்டு வகையறாவும் ஒத்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயிலில். புத்தகம் பொய் சொல்லாது என்று தாத்தா நம்பினார். பெரியப்பாவின் நம்பிக்கை வேறு. அன்றைக்குச் சாப்பிடும்போதே மோரை ஊற்றிக்கொண்டு மாமாவிடம் சொன்னார்: "பெங்களூரு, புஸ்தகத்துல செவப்புன்னுதானே இருக்கும்? நம்ம வீட்டுச் சோறு தின்ற வாயில வேற கலரு வராது." பரிவட்டத்துக்குப் பொருத்தமாகச் சரிகை வேட்டியை அதற்குள் வாங்கி வைத்திருந்தார்.

அம்மா சமையலறையில் மாமாவிடம் தணிந்த குரலில் பேசினாள். "அண்ணே, மூத்தவருக்கு எதிரா சொன்னா மறுநாளே பொட்டிய வெளிய வச்சிடுவாரு. நான் இந்த வீட்டுலதான் குப்பை கொட்டணும். உன்னை வச்சுக்கன்னு கேக்கக்கூட முடியாது."

"தெரியும்மா" என்றார் மாமா.

அன்று சாயங்காலம் மாமா புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தார். "பாப்பா, எழுத்து பொடிப்பொடியா இருக்குது. கண்ணு தெரியல. கோட்டு கலரு பத்தி எங்கெங்க வருதுன்னு படிச்சுச் சொல்லு."

அதற்கு முந்தின நாள், விளக்கு வைக்கும் நேரத்தில், அவர் ஊசியில் ஒரே முயற்சியில் நூல் கோத்ததை நான் பார்த்திருந்தேன். அதையும் எழுதி வைத்திருந்தேன். இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது மாமாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஊர் முழுக்க நம்பியிருந்த தீர்ப்பு, போன வருடம்தான் ஆங்கில எழுத்துக் கற்ற என் தலையில் வந்து உட்கார்ந்தது. எனக்குப் பயமாக இல்லை. அளவு கடந்த சந்தோஷமாக இருந்தது.

மூன்று நாள் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பாதிதான் விளங்கியது; அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. ஒரு கர்னல், குதிரைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, நெற்றியில் வெள்ளை விழுந்தவற்றையெல்லாம் விற்றுத் தீர்த்தார். ஒரு கேப்டன் கப்பலில் இருந்து இறங்கிய ஒன்பதாம் நாள் காய்ச்சலில் இறந்தார். அவர் விட்டுப்போன சாமான்களின் பட்டியல் முழுப் பக்கம், கையுறை பதினோரு ஜோடி உட்பட. பட்டியலை நான் அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன். படை தொடங்கியபோது எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு. பிறகு ராஜா உத்தரவு போட்டு நீலமாக்கினார். காலரும் கைப்பட்டையும் மட்டும் வேறு நிறம். தூரத்திலிருந்து பார்த்தாலே எந்தப் படை என்று தெரிவதற்காக.

எங்கள் துரையின் தொப்பியும் மூன்று வரிசைப் பொத்தானும் ஐந்தாம் படத்தில் அச்சாக இருந்தன. ஆபீசர், நீலக் கோட்டு, சிவப்புக் காலர். தீர்ந்தது என்று நினைத்தேன். ஒன்பதாம் படத்தில் அதே தொப்பி, அதே பொத்தான், ஆனால் சிவப்புக் கோட்டு, நீலக் காலர். கீழே எழுதியிருந்ததை அகராதியில் தேடினேன். அவர் எக்காளம் ஊதுபவர். கூட்டத்தில் அவரைச் சட்டென்று கண்டுபிடிப்பதற்காக நிறத்தைத் தலைகீழாக மாற்றிவைப்பார்களாம். சேற்றில் விழுந்தவர் ஆபீசர் என்று கதை சொல்கிறது. ஆனால் எக்காளம் ஊதுபவரும் சேற்றில் விழக்கூடியவர்தானே.

புத்தகம் கைவிட்டதால் நேரே துரையிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை மத்தியானம், உப்பளத்தில் எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கியிருந்த நேரம், பெயிண்டரின் ஏணியில் ஏறினேன். கடிவாளம் பிடித்த கையின் அக்குளுக்குள் காற்று நுழைந்திருக்காது என்பது என் கணக்கு. மன்னிக்கச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முள்ளால் சுரண்டினேன். நகத்தளவு இடம். முதலில் ஒரு சிவப்புச் செதில் வந்தது. அதன் அடியில் நீலம். அதன் அடியில் மறுபடி சிவப்பு. மறுபடி நீலம். பிறகு வெறும் சுண்ணாம்பு. ஏணியில் நின்றபடியே எழுதினேன்.

மாமா அந்த வரியை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

"சரி, மேல இருக்கிறது செவப்பு. அதுக்கப்புறம் வர வேண்டியது?"

"நீலம், மாமா."

"நீலம்" என்றார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, வேட்டி சட்டைகளை எடுத்து ஒழுங்காக மடித்து அடுக்கத் தொடங்கினார். பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு படங்களையும் காட்டச் சொன்னார். எக்காளம் ஊதுபவரையும் விளக்கினேன். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கையில வச்சிருக்கிறது மட்டும்தான் இடைஞ்சல்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஜமுக்காளம் விரித்து, இரண்டு வகையறாவின் பெரியவர்களும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். பெயிண்டர் இரண்டு டப்பாக்களையும் திறந்து தயாராக வைத்திருந்தார். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார். புத்தகத்தை இடது உள்ளங்கையில் ஏந்தி விரித்துக்கொண்டு வந்தார். உட்காரவில்லை. ஒவ்வொருவருக்கும் பின்னால் போய் நின்று, அவர் இடது தோள் பக்கமாகச் சற்றுக் குனிந்து, ஆளுக்கு ஒரு வரியாகப் படித்தார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் அதற்குமுன் கேட்டதில்லை. தணிந்த குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் பளபளவென்று இருந்தது.

"கிளியர் கன்ஸொமே" என்றார் பெரியப்பாவின் தோளில். "பாம்ஃப்ரெட் மேயொனேஸ்" என்றார் தாத்தாவின் தோளில். "பிரேஸ்டு டக். ஆஸ்பரகஸ். பிளமாஞ்ச். ஆஞ்சோவி டோஸ்ட்." வட்டம் முடிந்ததும் நிமிர்ந்து நின்று, கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஜென்டில்மென், தி கிங்" என்றார். அந்தக் கடைசிச் சொல் ராஜாவைக் குறிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாத்தா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். பிறகு பெரியப்பாவும்.

நான் ஒவ்வொரு சொல்லையும் ஒலி வைத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இவை எங்கும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்திருந்தால் மூன்று நாளில் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"இப்ப தமிழ்ல சொல்றேன்" என்றார் மாமா. "துரைக்கு ரெண்டு கோட்டு. ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். ஒண்ணையே போட்டுக்கிட்டு இருந்தா ராஜா கோச்சுக்குவாரு. மாத்தி மாத்தித்தான் போடணும். போன தடவ நம்ம பெரியவங்க செவப்பு போட்டு விட்டாங்க. அதுக்கு முந்தி நீலம். ரெண்டு பேரு பார்த்ததும் நெசம்."

"இந்தத் தடவ?" என்றார் பெரியப்பா.

"நீலம்" என்றார் மாமா.

மாமா ஐந்தாம் படத்தைத் திறந்து சுற்றிக் காட்டினார். பிறகு ஒன்பதாம் படத்தைத் திறந்தார். அவருடைய வலது உள்ளங்கை, புத்தகத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல, எக்காளத்தின்மேல் சரியாகப் படிந்திருந்தது.

தாத்தா சந்தேகக்காரர். அதுவும் தீர்ப்புத் தன் பக்கம் வந்தபிறகு கூடுதலாகச் சந்தேகப்பட்டார். என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ இஸ்கூல்ல இங்கிலீஷ் படிக்கிற. ரெண்டும் ஒரே ஆளுதானா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை நகரவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொன்னால் புத்தகமும் போயிற்று, நீலமும் போயிற்று, மாமா ரெஜிமெண்ட்டில் இருந்ததும் போயிற்று. ஆமாம் என்று சொன்னால் அது பொய். எனக்குப் பொய் பிடிக்காது. நோட்டில் எழுத முடியாது.

"ரெண்டும் அதே ரெஜிமெண்ட்டு தாத்தா" என்றேன். "அதே தொப்பி, அதே பட்டன். நான் எண்ணிட்டேன்."

"அப்ப சரி" என்றார் தாத்தா.

மாமா சொன்னார்: "நீலக் கோட்டுக்குக் காலரும் கைப்பட்டையும் செவப்பு. செவப்பு இல்லாம கோட்டு முழுசாகாது. அத வடக்கு வகையறா கையாலதான் தொட்டுவைக்கணும். அடுத்த தடவ செவப்புக் கோட்டு, நீலக் காலரு."

பெரியப்பா எழுந்துபோனார். ஆனால் மறுநாள் காலையில், பெயிண்டர் பிடித்துக்கொள்ள, அறுபது வயதில் ஏணியில் ஏறி, துரையின் காலரில் முதல் சிவப்பை அவர்தான் வைத்தார். பரிவட்டம் தாத்தா தலையில் ஏறியது. சரிகை வேட்டி பீரோவில் இருந்தது.

தகரப் பெட்டி எட்டு நாள் அறை வாசலில் அப்படியே இருந்தது. பெரியப்பா மாமாவிடம் பேசவில்லை; போகச் சொல்லவும் இல்லை. ஒன்பதாம் நாள் பந்தியில் உட்கார்ந்தவர், இலையைத் துடைத்துக்கொண்டே, "பெங்களூர எங்க காணோம்? பசிக்காதாமா அவனுக்கு?" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் ஓடினாள். அதற்குப் பிறகு மாமா இறக்கும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். பெரியப்பா சரியாகப் பதினோரு வருடம் இருந்தார். பன்னிரண்டாம் வருடம் துரைக்குச் சிவப்பு அடித்தபோது பரிவட்டமும் சரிகை வேட்டியும் அப்பாவுக்கு வந்தன.

அந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பின் முடிவில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாமா படித்தது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? தேட வேண்டும்." தேடினேன். புத்தகத்தை இரண்டு முறை முழுதாகப் புரட்டினேன். கிழிந்துபோன பதினான்கு பக்கங்களில் இருந்திருக்கும் என்று முடிவுக்கு வந்தேன். தேடும்போது பின்னட்டைப் போட்டோவையும் பார்த்தேன். நீண்ட மேசையைச் சுற்றி ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே டைப் அடித்த பெயர்கள், இடமிருந்து வலமாக. எண்ணினேன். பெயர்கள் பதினான்கு. படத்தில் இருந்தவர்கள் பத்தொன்பது பேர்.

"மீதி அஞ்சு பேரு யாரு மாமா?"

"உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் பேரு போடுவாங்க பாப்பா. அவங்க நின்னுக்கிட்டுல்ல இருக்காங்க" என்றார். நிற்பது ஒரு காரணமா என்று எனக்கு விளங்கவில்லை. அதையும் எழுதிவைத்தேன்.

வேலையில் சேர்ந்து பல வருடங்கள் கழித்து, ஒரு பயிற்சியின் கடைசி நாளில் பெங்களூரில் விருந்து கொடுத்தார்கள். பழைய கட்டடம், நீண்ட மேசை, தட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்த ஒரு அட்டை, பரிமாறப்போகும் பதார்த்தங்களின் பட்டியல். முதல் வரியைப் படித்தேன்: கிளியர் கன்ஸொமே. கீழே இன்னும் இரண்டு வரி தள்ளி ஆஸ்பரகஸ் இருந்தது, கடைசிக்குப் பக்கத்தில் பிளமாஞ்ச். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் இடது தோள் பக்கமாக யாரோ சற்றுக் குனிந்து, தணிந்த குரலில், "சூப், மேடம்" என்றார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். இடது உள்ளங்கையில் தட்டு, மார்புக்கு நேராக.

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் புத்தகத்தை எடுத்தேன். இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது. போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் தலைப்பாகையோடு நின்ற ஐந்து பேரில் வலமிருந்து இரண்டாமவருக்கு இருபது வயதுதான் இருக்கும்; முகம் அம்மாவின் ஜாடை. டைப் அடித்த பெயர்களுக்குக் கீழே, அவர் நிற்கும் இடத்துக்கு நேராக, பென்சிலால் மாமாவின் பெயரை எழுதினேன். பிறகு மறுபடி எண்ணினேன். பெயர்கள் பதினைந்து. இன்னும் நான்கு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.